ஏரியா 51: யார்கிட்டேர்ந்து ரகசியம்?

ஏரியா 51ன்னு சொன்னதுமே பாதிப் பேருக்கு ஞாபகம் வர்றது பெரிய தலையும் முட்டைக் கண்ணுமா ஒரு வேற்றுகிரக ஆசாமி. மீதிப் பேருக்கு 1996ல் வந்த 'இண்டிபெண்டன்ஸ் டே' படம். 2019 செப்டம்பர்ல 'எல்லாரும் கூட்டமா உள்ள ஓடிப் போய்ப் பாத்துடலாம்'னு ஃபேஸ்புக்ல ஒருத்தர் விளையாட்டா ஆரம்பிச்சு, இருபது லட்சம் பேர் 'நானும் வர்றேன்'னு க்ளிக் பண்ணின கூத்தும் நடந்துச்சு. நேர்ல அந்தப் பக்கம் வந்தது சில ஆயிரம் பேர். கேட்டு வரைக்கும் போனது அதுலயும் கொஞ்சம். உள்ள போனவங்க யாரும் இல்ல :-)

ஏலியன் கதையில எனக்கு சுவாரசியம் கிடையாது. அதைவிட சுவாரசியமான, கொஞ்சம் வயித்தெரிச்சலான கதை ஒண்ணு அந்தப் பாலைவனத்துல நிஜமாவே நடந்திருக்கு. அரசாங்கமும் காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனிகளும் ஏன் ஆள் அரவமே இல்லாத இடமாப் பாத்துப் போய் விமானம் சோதனை பண்றாங்க? 'எதிரி பாத்துடக் கூடாதுன்னுதான்'னு டக்குனு பதில் வரும். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

தூரமாப் போறதுக்கு நியாயம் இருக்கு

முதல்ல அவங்க பக்க நியாயத்தைச் சொல்லிடறேன். ஏன்னா நிறைய நியாயம் இருக்கு.

ஒண்ணு, புது விமானம்னா விழும். எவ்வளவு பெரிய இஞ்சினியர் வரைஞ்சாலும் முதல் சில பறத்தல்கள்ல என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது. விழறது யார் தலையிலயும் விழக் கூடாது. அதுக்குப் பாலைவனம் தோது.

ரெண்டு, வத்திப்போன உப்பு ஏரி. மழைத் தண்ணி வந்து தேங்கி, காய்ஞ்சு, காய்ஞ்சு, தரை சிமெண்ட் போட்ட மாதிரி இறுகிக் கிடக்கும். கண்ணுக்கெட்டின தூரம் மேடு பள்ளம் கிடையாது. கடவுள் ஓசியில போட்டுக் குடுத்த ரன்வே. இஞ்சின் நின்னு போனாலும் எந்தப் பக்கம் வேணா இறக்கலாம்.

மூணு, வானம். ஒலியோட வேகத்தைப் போல மூணு மடங்குல போற விமானம் ஒரு யூ-டர்ன் போடணும்னாலே பல மைல் வேணும். பயணிகள் விமானம் குறுக்க வராத பெரிய வான்வெளி வேணும்.

நாலு, ரேடார் சோதனை. ஒரு விமானம் ரேடார்ல எவ்வளவு பெருசாத் தெரியுதுன்னு அளக்கணும்னா, அதோட மாதிரியை உயரமான கம்பத்துல தலைகீழா ஏத்தி வெச்சு, சுத்தி வேற எந்த இரைச்சலும் இல்லாம அளக்கணும். ஊருக்கு நடுவுல இது நடக்காது.

அஞ்சாவதுதான் கண்ணு. பாக்கற கண்ணு.

1942 அக்டோபர்ல அமெரிக்காவோட முதல் ஜெட் விமானம் எக்ஸ்பி-59ஏ, கலிஃபோர்னியா மொஹாவி பாலைவனத்துல மியூராக்ங்கற வத்தின ஏரியிலதான் பறந்துச்சு. (இன்னிக்கு அதுக்குப் பேரு எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம்.) ஜெட்டுக்குத்தான் முன்னாடி காத்தாடி கிடையாதே, பாக்கறவன் கேள்வி கேப்பானே! அதனால தரையில நிக்கும்போது மூக்குல மரத்தாலான ஒரு டம்மி காத்தாடியை மாட்டி வெச்சாங்க. அதைப் படிச்சப்போ சிரிச்சுட்டேன். இந்த டம்மி காத்தாடியை ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னாடி வேற வேற ரூபத்துல வரப்போகுது.

சொர்க்கம்னு பேர் வெச்ச உப்பு ஏரி

1954 நவம்பர்ல அதிபர் ஐசன்ஹோவர் யு-2ங்கற உளவு விமானத்துக்கு ஒப்புதல் குடுத்தார். எழுபதாயிரம் அடி உயரத்துல போய், சோவியத் யூனியனை மேலேர்ந்து படம் எடுக்கறதுதான் திட்டம். செய்யறது லாக்ஹீட் கம்பெனியோட 'ஸ்கங்க் வொர்க்ஸ்' பிரிவு, தலைவர் கெல்லி ஜான்சன். பணம் குடுத்து மேய்க்கறது சிஐஏ, பொறுப்பாளர் ரிச்சர்ட் பிஸ்ஸெல். எட்வர்ட்ஸ்ல அதுக்குள்ள ஜன நடமாட்டம் அதிகமாயிடுச்சு. அதனால 1955 ஏப்ரல்ல சோதனை பைலட் டோனி லெவியரோட ஒரு குட்டி விமானத்துல கிளம்பிப் போய்த் தேடினாங்க. கிடைச்சது நெவாடாவுல, லாஸ் வேகாஸுக்கு வடமேற்கே சுமார் 130 கிலோமீட்டர்ல இருக்கற குரூம் லேக். பக்கத்துலயே அணுகுண்டு சோதனைத் தளம். அதாவது ஏற்கனவே பொதுமக்கள் நுழையக் கூடாத பகுதி, வானமும் பூட்டினது. வேலைக்கு ஆள் வரணுமேன்னு அந்த வெந்த தரைக்கு 'பாரடைஸ் ராஞ்ச்'னு பேர் வெச்சார் ஜான்சன். சொர்க்கப் பண்ணை! ரியல் எஸ்டேட்காரங்க தோத்தாங்க போங்க.

ஒப்புதல் கிடைச்சு எட்டு மாசத்துல, 1955 ஆகஸ்ட் 1ஆம் தேதி யு-2 தரையை விட்டு எழும்பிடுச்சு. அதுவும் எதேச்சையா. லெவியர் சும்மா ஏரியில ஓட்டிப் பாத்துக்கிட்டிருந்தப்போ, எண்பதடி நீள இறக்கை தானா மேல தூக்கிடுச்சு. மொட்டை ஏரியில உயரம் தெரிய ஒரு அடையாளமும் இல்லாததால, பறக்கறோம்னே அவருக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் புரிஞ்சுச்சு. ஒரு விமானத்துக்கு ஆன செலவு பத்து லட்சம் டாலருக்கும் கம்மி. சின்ன டீம், குறைச்ச பேப்பர், நெருக்கடி இல்லாத இடம். ரகசியமும் தூரமும் சேந்தா என்ன சாதிக்கலாம்ங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1962 அக்டோபர்ல கியூபாவுல ஏவுகணைகள் இருக்கறதைப் படம் பிடிச்சுக் காட்டினதும் இந்த யு-2தான். அதையெல்லாம் நான் மறுக்கல.

ஆனா முதல் வருஷத்துலயே விலையும் குடுக்க ஆரம்பிச்சாச்சு. 1955 நவம்பர் 17ஆம் தேதி, பர்பேங்க்லேர்ந்து குரூம் லேக்குக்கு ஆட்களை ஏத்திக்கிட்டுப் போன சி-54 விமானம், பனிப்புயல்ல லாஸ் வேகாஸ் பக்கத்துல சார்ல்ஸ்டன் மலையில மோதி 14 பேரும் செத்துப் போனாங்க. எங்க போனாங்க, எதுக்குப் போனாங்கன்னு அவங்க வீட்டுக்காரங்களுக்குப் பல பத்து வருஷம் யாரும் சொல்லல. அப்பா எதுக்காகச் செத்தார்னே தெரியாம ஒரு தலைமுறை வளந்து, கிழடும் ஆயிடுச்சு. அங்க ஒரு நினைவிடம் திறந்தது 2015ல. அறுபது வருஷம் கழிச்சு.

எதிரிக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது

இப்ப என் மெயின் பாயிண்டுக்கு வர்றேன். இந்த ரகசியம் நிஜத்துல யார்கிட்டேர்ந்து?

1956 ஜூலை 4ஆம் தேதி யு-2 முதல் தடவையா சோவியத் மேல பறந்துச்சு. பாத்திருக்கவே மாட்டாங்கன்னு நம்பினாங்க. ஆனா சோவியத் ரேடார் முதல் நாள்லேர்ந்தே பாத்துடுச்சு. சுட்டுத் தள்ளற உயரத்துக்கு ஏவுகணை இல்ல, அவ்வளவுதான். ஆட்சேபக் கடிதமும் அனுப்பினாங்க. ஆக, எதிரிக்கு முதல் நாளே தெரியும். வரி கட்டற அமெரிக்கனுக்குத் தெரிஞ்சது எப்போ? 1960 மே மாசம், கேரி பவர்ஸ் ஓட்டின விமானத்தை சுட்டு வீழ்த்தினதுக்கு அப்புறம். அப்பவும் முதல்ல என்ன சொன்னாங்க தெரியுமா? 'அது நாசாவோட வானிலை ஆராய்ச்சி விமானம், பைலட்டுக்கு ஆக்சிஜன் கோளாறு, வழி தவறிப் போச்சு'ன்னாங்க. குருஷேவ் சாவகாசமா ரெண்டு நாள் காத்திருந்து, 'பைலட் உயிரோட எங்ககிட்ட இருக்கான்'னு போட்டு உடைச்சார். டம்மி காத்தாடி நம்பர் டூ.

அடுத்து ஏ-12. 1962 ஏப்ரல்ல குரூம் லேக்ல பறந்துச்சு. சோவியத் செயற்கைக்கோள் தலைக்கு மேல எப்ப வரும்னு டைம்டேபிள் போட்டு வெச்சு, வர்ற நேரத்துல எல்லாத்தையும் உள்ள தள்ளி மூடிடுவாங்க. போனப்புறம் திரும்ப வெளிய. ஒரு நாளைக்குப் பல தடவை. நியாயமான முன்ஜாக்கிரதைதான். ஆனா 1963 மே மாசம் ஒரு ஏ-12 யூட்டா மாநிலத்துல விழுந்தப்போ பத்திரிகைகளுக்குச் சொன்னது, 'விழுந்தது எஃப்-105'. அது வேற கம்பெனியோட சாதாரணப் போர் விமானம். காத்தாடி நம்பர் த்ரீ.

சரி, இந்தப் பறக்கும் தட்டு கதை எங்கேர்ந்து வந்துச்சு? அந்தக் காலத்துல பயணிகள் விமானமெல்லாம் இருபதாயிரம் அடிக்குக் கீழதான். அறுபதாயிரம் அடிக்கு மேல, பெயிண்ட் அடிக்காத வெள்ளி இறக்கையில சாயங்கால வெயில் பட்டு, கீழ இருட்டினப்புறமும் ஒண்ணு தகதகன்னு போனா பைலட்டுங்க என்ன நினைப்பாங்க? 1950களின் கடைசியிலயும் 60களிலயும் வந்த பறக்கும் தட்டுப் புகார்கள்ல பாதிக்கு மேல இந்த உளவு விமானங்கள்தான்னு சிஐஏவோட சொந்த ஆய்வே 1997ல் சொல்லுது. பாதிங்கற கணக்கை ஏத்துக்காத ஆட்களும் உண்டு. ஆனா ஒரு விஷயம் நிச்சயம். புகாரை விசாரிச்ச விமானப்படை ஆட்கள் சிஐஏகிட்ட கேட்டுத் தெரிஞ்சுப்பாங்க, ஆனா புகார் குடுத்தவர்கிட்ட உண்மையைச் சொல்ல மாட்டாங்க. ஏதோ இயற்கை நிகழ்வுன்னு சமாளிச்சு அனுப்பிடுவாங்க. கண்ணால பாத்தவனை 'நீ பாக்கல'ன்னு அரசாங்கம் அடிச்சுச் சொன்னா, அடுத்து அவன் எதைத்தான் நம்புவான்? ஏலியனை நம்பறவங்களைப் பாத்து நாம சிரிக்கறோம். அந்தப் பைத்தியக்காரத்தனத்துக்குத் தண்ணி ஊத்தி வளத்தது யாரு?

முழுப் பூசணிக்காயும் சோறும்

இதுக்கப்புறம் வர்றது இன்னும் பெரிய கூத்து. 1974ல ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துல இருந்த விண்வெளி வீரர்கள், எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்த ஒரே இடத்தைப் படம் எடுத்துட்டு வந்துட்டாங்க. குரூம் லேக்தான், வேறென்ன. அதை வெளியிடலாமா கூடாதான்னு அரசாங்கத் துறைகளுக்குள்ளயே பெரிய பஞ்சாயத்து. 2000 ஏப்ரல்ல ரஷ்யச் செயற்கைக்கோள் எடுத்த படங்களே இணையத்துல விற்பனைக்கு வந்துடுச்சு. இன்னிக்கு நீங்களும் நானும் வீட்டுல உக்காந்து மேப்ல பாக்கலாம். ரன்வே, ஷெட்டு, எல்லாம் தெரியும்.

ஆனா அமெரிக்க அரசாங்கம் 'ஏரியா 51' அப்படிங்கற பேரை ஒத்துக்கிட்டது எப்போ? 2013 ஆகஸ்ட்ல! ஜெஃப்ரி ரிச்செல்சன்ங்கற ஆராய்ச்சியாளர் 2005லயே தகவல் அறியும் சட்டத்துல கேட்டு, எட்டு வருஷம் கழிச்சு, யு-2 பத்தின சிஐஏவோட பழைய வரலாற்று ஆவணம் கறுப்பு மை பூசாம வெளிய வந்தப்போதான். முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கறதுன்னு நம்ம ஊர்ல சொல்லுவோம். இவங்க ஒரு ஏரியையே மறைச்சுக்கிட்டிருந்தாங்க.

'சரி, மறைச்சா மறைச்சுட்டுப் போறாங்க, யாருக்கு என்ன நஷ்டம்?'னு கேப்பீங்க. நஷ்டப்பட்டவங்க இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

புகை

ரேடார்ல தெரியாத விமானம்னா சும்மா இல்ல. ஸ்பெஷல் பூச்சு, பிசின், ரசாயனம்னு எக்கச்சக்கம். எஃப்-117ங்கற ஸ்டெல்த் விமானத்தோட முன்னோடி 1977 டிசம்பர்ல குரூம் லேக்லதான் முதல்ல பறந்துச்சு. எஃப்-117 பறந்தது 1981 ஜூன்ல. இந்த மாதிரி வேலைகள்ல மிச்சமாகற கழிவை எங்க கொட்டறது? வெளிய அனுப்பினா அதைப் பரிசோதிச்சே உள்ள என்ன பண்றாங்கன்னு கண்டுபிடிச்சுடலாம். அதனால பெரிய பள்ளம் வெட்டி, அதுல போட்டுத் திறந்தவெளியில எரிச்சாங்க, நாங்க அந்தப் புகையில நின்னு வேலை பாத்தோம், பாதுகாப்பு உடுப்புகூடக் குடுக்கலன்னு தொழிலாளர்கள் சொன்னாங்க. இது 1994ல் அவங்க போட்ட வழக்குல சொன்ன குற்றச்சாட்டு. அங்க வேலை பாத்த ராபர்ட் ஃப்ராஸ்ட்ங்கற தகரவேலைத் தொழிலாளி 1989ல இறந்துட்டார். வால்டர் காஸாங்கறவரும் இறந்துட்டார். அவங்க மனைவிமார் ஹெலன் ஃப்ராஸ்ட்டும் ஸ்டெல்லா காஸாவும் வழக்குல சேந்தாங்க. உயிரோட இருந்த தொழிலாளர்கள் பேரை வெளிய சொல்லாமத்தான் வழக்கு போட முடிஞ்சுது. ஏன்னா அங்க வேலை பாத்தேன்னு சொல்றதே குத்தம். வாதாடினவர் ஜோனதன் டர்லிங்கற சட்டப் பேராசிரியர்.

அவங்க கேட்டது என்னன்னு பாருங்க. விமானத்தோட வரைபடத்தைக் கேக்கல. எத்தனை விமானம்னு கேக்கல. எதை எரிச்சீங்க, எங்க உடம்புக்குள்ள என்ன போச்சு, அதைச் சொன்னா டாக்டர்கிட்டயாவது சொல்லலாமேன்னு கேட்டாங்க.

அரசாங்கத்தோட பதில்: அரசு ரகசியம்.

1995 செப்டம்பர் 29ஆம் தேதி அதிபர் கிளின்டன் ஒரு உத்தரவு போட்டார். 'நெவாடாவில் குரூம் லேக் அருகே உள்ள விமானப்படையின் இயங்குதளத்துக்கு' சுற்றுச்சூழல் சட்டத்தின்படி தகவல் வெளியிடறதுலேர்ந்து விலக்கு. கவனிங்க, அந்தத் தளத்துக்கு அவங்க கோர்ட்டுல ஒரு பேர்கூடச் சொல்லத் தயாரா இல்ல. ஆனா விலக்கு மட்டும் உண்டு! பின்னாடி வந்த அதிபர்களும் அதை வருஷா வருஷம் புதுப்பிச்சாங்க. 1998ல் அப்பீல் கோர்ட்டும் அரசாங்கம் சொன்னதை ஏத்துக்கிச்சு. அதே வருஷம் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துடுச்சு. முடிஞ்சுது கதை. ஒரே ஒரு நல்லது, வழக்கு போட்டதால சுற்றுச்சூழல் துறை அந்தத் தளத்துக்குள்ள போய்ச் சோதனை பண்ணுச்சு. என்ன கண்டுபிடிச்சாங்க? அதுவும் ரகசியம்.

என்னை ரொம்பத் தொந்தரவு பண்றது இதுதான். எதிரிகிட்டேர்ந்து விமானத்தை மறைக்கக் கட்டின சுவரு, கடைசியில சொந்தத் தொழிலாளியோட மருத்துவச் சீட்டை மறைக்க உபயோகமாகுது.

'இல்லப்பா, நிஜமாவே அதுல பாதுகாப்பு ரகசியம் ஏதாவது இருந்திருக்கும்'னு சிலர் சொல்லலாம். இருந்திருக்கலாம். ஆனா இந்த 'அரசு ரகசியம்'ங்கற வாதத்தோட பூர்வீகத்தைப் பாத்தா நம்பிக்கை வர மாட்டேங்குது. 1948 அக்டோபர்ல ஜார்ஜியா மாநிலம் வேக்ராஸ் பக்கத்துல, ரகசிய எலெக்ட்ரானிக் கருவிகளைச் சோதனை பண்ணிக்கிட்டிருந்த ஒரு பி-29 விமானம் விழுந்து ஒன்பது பேர் செத்தாங்க. மூணு விதவைகள் விபத்து அறிக்கையைக் கேட்டு வழக்கு போட்டாங்க. விமானப்படை தர முடியாதுன்னுச்சு, தேசப் பாதுகாப்பாம். 1953ல் உச்ச நீதிமன்றம் அறிக்கையைப் பிரிச்சுக்கூடப் பாக்காம சரின்னுடுச்சு. இன்னிவரைக்கும் அரசாங்கம் காட்டற முன்னுதாரணம் அந்தத் தீர்ப்புதான். 2000ல், இறந்தவர்கள்ல ஒருத்தரோட மகள் இணையத்துல தேடினப்போ, தடை நீங்கின அந்த அறிக்கை கிடைச்சுது. பிரிச்சுப் பாத்தா, ரகசியக் கருவி பத்தின விவரம்னு சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் இல்ல. இஞ்சின் தீப்பிடிக்காம இருக்க செய்ய வேண்டிய மாற்றத்தைச் செய்யாம விட்ட அலட்சியம்தான் இருந்துச்சு. சிதம்பர ரகசியத்துலயாவது திரையை விலக்கினா தங்க வில்வ மாலை இருக்கும்!

கம்பெனிகளுக்கும் வசதி

காண்ட்ராக்டர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. யு-2 மாதிரி சொன்ன காசுல, சொன்ன நேரத்துல முடிச்சா ரகசியம் வரம். முடிக்கலைன்னா? அமெரிக்கக் கடற்படைக்காக இன்னொரு ஏ-12 (மேல சொன்னது வேற, இது வேற. பேர் மட்டும் ஒண்ணு) ஸ்டெல்த் விமானத்தை மெக்டானல் டக்ளஸும் ஜெனரல் டைனமிக்ஸும் சேந்து ரகசியமா செஞ்சுக்கிட்டிருந்தாங்க. எடை கூடிக்கிட்டே போச்சு, செலவு எகிறிக்கிட்டே போச்சு. கேள்வி கேக்க வேண்டியவங்களுக்கு நிலைமையே ஒழுங்காத் தெரியல. 1991 ஜனவரியில பாதுகாப்பு அமைச்சர் டிக் செய்னி ஊத்தி மூடினப்போ, பில்லியன் கணக்குல செலவாகி, பறந்த விமானம் எத்தனைன்னா பூஜ்யம். அதுமேல நடந்த கேஸ் முடிஞ்சது 2014ல. இருட்டுல சமைச்சா உப்பு குறைஞ்சதும் தெரியாது, கரப்பான் விழுந்ததும் தெரியாது.

டோனோபா

எஃப்-117 தயாரானதும் நெவாடாவுலயே டோனோபாங்கற இன்னொரு ஒதுக்குப்புறத்துக்குக் கொண்டுபோனாங்க. 1983லேர்ந்து அஞ்சு வருஷம், ராத்திரியில மட்டும் பறந்தாங்க. பைலட்டுங்க வாரத்துல நாலு நாள் ஆந்தை வாழ்க்கை, வார விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தா பகல் வாழ்க்கை, பொண்டாட்டிகிட்ட என்ன வேலைன்னு சொல்ல முடியாது. தூக்கம் கெட்டு எல்லாரும் அசந்து போயிருந்த காலத்துலதான், 1986 ஜூலையில கலிஃபோர்னியாவுல ஒரு விமானம் மலையில மோதி பைலட் இறந்தார். அந்த இடத்தைச் சுத்தி துப்பாக்கியோட காவல். எல்லாத்தையும் பொறுக்கி எடுத்துட்டுப் போகும்போது, ஒரு பழைய எஃப்-101 விமானத்தோட உடைஞ்ச பாகங்களை அங்க தூவிட்டுப் போனாங்களாம். காத்தாடி நம்பர் ஃபோர். 1988 நவம்பர்ல ஒரு மங்கலான போட்டோவைக் காட்டி 'ஆமா, இப்படி ஒண்ணு இருக்கு'ன்னு ஒத்துக்கிட்டாங்க. 1991 வளைகுடாப் போர்ல பாக்தாத் மேல போய் ஒண்ணுகூட விழாம திரும்பி வந்துச்சு. ரகசியத்துக்குப் பலன் இருந்துச்சு, ஒத்துக்கறேன்.

ஆனா அந்த டோனோபாவுல 1980கள்ல காவல் பாத்த விமானப்படை வீரர்கள் இப்போ என்ன சொல்றாங்க தெரியுமா? அணுகுண்டு சோதனையால கெட்டுப்போன மண்ணுல நாங்க வேலை பாத்தோம், எங்கள்ல நிறையப் பேருக்குக் கட்டி, புத்துநோய், ஆனா நாங்க அங்க இருந்ததுக்கே பதிவு இல்லைங்கறாங்க. அவங்க பணிப் பதிவுல அந்த இடம் மறைக்கப்பட்டிருக்கு. அங்க இருந்ததா நிரூபிச்சாத்தான் உதவி. இருந்ததையே நிரூபிக்க முடியாது. அதே வட்டாரத்துல எரிசக்தித் துறைக்கு வேலை பாத்தவங்களுக்கு 2000லயே நஷ்டஈட்டுச் சட்டம் வந்தாச்சு. எஃப்-117 மியூசியத்துலயே நிக்குது. பூட்டுக்குள்ள இருந்த பொருள் ஊர் பாக்க வெளிய வந்தாச்சு. காவல்காரன்தான் இன்னும் பூட்டுக்குள்ள இருக்கான்.

நமக்கென்ன?

நமக்கும் இதுல சம்பந்தம் இருக்குங்க. மேல சொன்ன அதே 2013 ஆவணத்துலதான் இதுவும் இருந்துச்சு. 1962 சீனப் போருக்கப்புறம் நேரு யு-2 பறக்க அனுமதி குடுத்தது, 1963 ஜூன்ல நம்ம திருத்தணிக்காரர் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரா வாஷிங்டன் போயிருந்தப்போ ஒரிசாவுல சார்பாத்தியாங்கற பழைய உலகப்போர் விமானத்தளத்தைக் குடுக்க ஒத்துக்கிட்டது, 1964 மே 24ஆம் தேதி அங்கேர்ந்து ஒரு யு-2 கிளம்பிப் போனது, எல்லாமே. மூணு நாள்ல நேரு காலமாயிட்டார். நம்ம மண்ணுலேர்ந்து கிளம்பின விமானம். அதைப் பத்தின விவரத்தை, நாள் கிழமையோட நாம படிச்சது அமெரிக்காக்காரன் காகிதத்துல, 49 வருஷம் கழிச்சு. அவன் எட்டு வருஷம் இழுத்தடிச்சாலும் கடைசியில குடுத்தான். நம்ம ஊர்ல யார்கிட்ட போய்க் கேக்கறது?

அப்புறம் இந்த 'யாருமில்லாத இடம்'ங்கற வார்த்தை. குரூம் லேக்குக்கு மேல இருக்கற மலையில ஒரு குடும்பம் நூறு வருஷத்துக்கும் மேல சுரங்கம் வெச்சிருந்தது. 52 லட்சம் டாலர் தர்றோம் காலி பண்ணுன்னாங்க, மாட்டேன்னாங்க. 2015ல் விமானப்படை எடுத்துக்கிச்சு. அந்த வட்டாரம் எங்க மூதாதையர் நிலம், 1863லயே ஒப்பந்தம் இருக்குன்னு மேற்கு ஷொஷோனி பழங்குடிகள் இன்னிக்கும் சொல்றாங்க. நம்ம பக்கம் கர்நாடகாவுல சித்ரதுர்கா மாவட்டத்துல டிஆர்டிஓ விமானச் சோதனைத் தளம் 2017ல திறந்தாங்க. அங்க 'சும்மா கிடந்த' புல்வெளி, ஆடு மாடு மேய்க்கறவங்களுக்குச் சோறு போட்ட இடம். அவங்களும் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போய்ப் பாத்தாங்க. யாருமில்லாத இடம்னு ஒண்ணு கிடையாது. கேட்டா காதுல விழாத தூரத்துல இருக்கறவங்க இடம்னு ஒண்ணு உண்டு.

என்னதான் சொல்ல வர்றே?

ரகசியமே கூடாதுன்னு சொல்ற ஆள் நான் இல்ல. விமானத்தை ரகசியமா வெச்சுக்கட்டும். பாலைவனத்துல ஓட்டட்டும். ஆனா மூணு விஷயம்.

1. ரகசியத்துக்குக் காலாவதி தேதி வேணும். மாத்திரை அட்டையில போடறாங்க இல்ல, அது மாதிரி. விமானம் மியூசியத்துக்குப் போயாச்சுன்னா அதைச் செஞ்சவன், காத்தவன் பதிவும் வெளிய வரணும்.

2. தொழிலாளியோட உடம்பு ரகசியம் இல்ல. எதை சுவாசிச்சான்னு அவனுக்கும் அவன் டாக்டருக்கும் சொல்லணும். வெளிய சொல்ல முடியாதுன்னா, ஒரு நீதிபதி தனியறையில பிரிச்சுப் பாக்கணும். பாக்காமலே சரின்னு சொல்லக் கூடாது.

3. இருக்கறதை மறைக்கலாம். இல்லாததை இருக்குன்னு சொல்லக் கூடாது. 'பதில் சொல்ல மாட்டோம்'ங்கறது வேற, 'அது வானிலை விமானம்'ங்கறது வேற. முதல்லது ரகசியம், ரெண்டாவது பொய்.

இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்து வராதுன்னு சொல்றவங்களுக்கு: பி-2 குண்டுவீச்சு விமானத்தை 1988 நவம்பர்ல ஜனங்களைக் கூப்பிட்டு வெச்சே காட்டினாங்க, 1989 ஜூலையில கலிஃபோர்னியா பாம்டேல்லேர்ந்து பகல்ல பறந்துச்சு. அடுத்து வந்த பி-21ம் 2023 நவம்பர்ல அதே பாம்டேல்லேர்ந்து, வேலிக்கு வெளிய கேமராவோட ஆட்கள் நிக்கும்போதே பறந்துச்சு. உள்ள இருக்கற தொழில்நுட்பம் இன்னும் ரகசியமாத்தான் இருக்கு. இடத்தை ஒத்துக்கிட்டா வானம் இடிஞ்சு விழுந்துடாது.

ஹெலன் ஃப்ராஸ்ட் கேட்ட கேள்விக்கு இன்னிவரைக்கும் பதில் வரல. அந்த ஏரிக்குக் கீழ ஏலியன் இருக்கானா இல்லையாங்கறது எனக்கு முக்கியமில்ல. அந்தப் பள்ளத்துல எதை எரிச்சாங்கங்கறதுதான் முக்கியம்.

நீங்க என்ன நினைக்கறீங்க? திட்டறதா இருந்தாலும் முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

டிஸ்கி: ஏலியன் ரசிகர்கள் மன்னிக்கவும். உங்களுக்காக வேணா இன்னொரு நாள் ஒரு மொக்கைப் பதிவு போட்டுடலாம் ;-)